இந்த ஆளு வீடு எங்கன இருக்கு, சார்?

வியாழக்கிழமை காலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு எல்லாம் கைவிட்டுப் போகத் தொடங்கியது. நேரம் எனக்கு உறுதியாகத் தெரியும். என் மகன் ஜோயல் காலேஜ் பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரம் அது. வாசல் கேட் சத்தம் கேட்டது. வழக்கமாக அதற்கு முன்னால் வரும் "வாரேம்மா" கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் அவனுடைய செல்போன் இருந்தது. அதற்கு அடியில் ஒரு வெள்ளைத் தாள்.

அனுப்புநர் என்ற இடத்தில் அவன் பெயரும் எங்கள் பாளையங்கோட்டை வீட்டு முகவரியும். பெறுநர்: மேலாளர், மனிதவளத் துறை. அதற்குக் கீழும் அதே முகவரி. பொருள்: கல்லூரிக்கு வராமை குறித்த விளக்கம். 'மதிப்பிற்குரிய அம்மையீர்' என்று எழுதி ஒரு காற்புள்ளி போட்டிருந்தான். அதன்பின் தாள் முழுக்க வெறுமை. அடியில் 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்று கையெழுத்து.

அந்தத் தாள் நான் கேட்டு வாங்கியது. முந்தின நாள் மதியம் அவன் வகுப்பு ஆசிரியை என் ஆபீஸுக்குப் போன் செய்திருந்தார். ஜோயல் இரண்டு மாதமாக வகுப்புக்கே வரவில்லை, இப்படியே போனால் பரீட்சை எழுத முடியாது என்றார். இரண்டு மாதமும் அவன் தினமும் குளித்து, சாப்பிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறான். சாயங்காலம் அவன் வந்ததும் எதிரில் உட்காரவைத்தேன். நான் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் மனிதவள மேலாளர். அறுநூற்றுச் சொச்சம் பேருடைய கோப்புகள் என் அலமாரியில் இருக்கின்றன. வேலைக்கு வராத ஆளிடம் என்ன கேட்க வேண்டும், எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்பது எனக்குப் பாடம். கேட்டேன். அவன் டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்து திறந்து மூடினான். "சரி, நாளைக்குக் காலைக்குள்ள எழுத்து மூலமா விளக்கம் குடு" என்றேன்.

என் கணவர் பள்ளிக்கூட ஆசிரியர். நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார். ஜோயல் சிரிக்கவில்லை. "வெள்ளைத் தாளா, கோடு போட்டதா?" என்று கேட்டான். நான் அதற்கும் பதில் சொன்னேன். வெள்ளைத் தாள் என்றேன்.

நடந்து ஆறு வாரமாகிறது. இன்றும் கேட் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன். ஆனால் இதை என் மகனைப் பற்றி எழுதுவதற்காகத் தொடங்கவில்லை. அந்த நாள் முழுவதும் நான் கேட்காமலே என் நினைப்பில் கூடவே வந்துகொண்டிருந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன்னால் என்னோடு படித்தவர். பெயர் சொல்ல அவர் அனுமதி என்னிடம் இல்லை. கேட்பதற்கும் வழியில்லை.

வேலையில் இருக்கும் மேலாளர்களுக்கென்று பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி வாரக்கடைசியில் நிர்வாகப் பட்ட வகுப்பு நடத்தியது. சனிக்கிழமை பிற்பகல், ஞாயிற்றுக்கிழமை முழுநாள், இரண்டு வருடம். வங்கிக்காரர்கள், ஆஸ்பத்திரி நிர்வாகிகள், சிமெண்ட் கம்பெனி ஆட்கள், பிரமோஷன் வேண்டி நான். இருபத்து மூன்று பேரில் வயதில் மூத்தவர் அவர். அம்பாசமுத்திரம் ரோட்டில் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் மேலாளர். யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்கெடுப்பதுதான் டைம் ஆபீஸ். முப்பது வருடமாக அதைப் பார்த்தவரிடம், மில்லை வாங்கிய புது நிர்வாகம் பட்டம் இருந்தால்தான் அந்த நாற்காலி என்று சொல்லிவிட்டது. பேராசிரியர் உட்பட எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

வேலை முடிந்து நேரே வகுப்புக்கு வருவார். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். கதவோரத்து பெஞ்சில் உட்காருவார். சட்டைப்பையில் பேனா இருக்காது, மடித்த காகிதங்கள் இருக்கும். பேனாவுக்கு எப்போதும் பக்கத்து பெஞ்சைத்தான், அதாவது என்னைத்தான், பார்ப்பார்.

முதல் மாதம் பேராசிரியர் ஒரு சம்பவத்தைக் கொடுத்து ஆராயச் சொன்னார். ஒரு தொழிற்சாலையில் திறமையான ஊழியர் ஒருவர் அடிக்கடி விடுப்பு எடுக்கிறார், மேலாளர் என்ற முறையில் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆளுக்கொன்று சொன்னோம். ஊக்கத்தொகை, எச்சரிக்கை, ஆலோசனை, பணி மாற்றம். அண்ணாச்சி கை தூக்கினார்.

"இந்த ஆளு வீடு எங்கன இருக்கு, சார்?"

வகுப்பு சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். "அண்ணாச்சி, இது உதாரணம். அப்படி ஒரு ஆள் கிடையாது."

"ஆளே கிடையாதா? அப்ப லீவு போட்டது யாரு?"

அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே குழம்பிப்போய்ப் பேராசிரியரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து யார் எந்தச் சம்பவத்தைக் கொடுத்தாலும் பின் பெஞ்சு வங்கிக்காரர்களில் ஒருவன் முந்திக்கொண்டு, "வீடு எங்கனன்னு கேளுங்க அண்ணாச்சி" என்பான். "நீரு சிரியும் வே" என்பார் அவர். "உம்ம பேங்குல ஆளு வரலேன்னா கவுண்டர்ல பலகையத் தூக்கி வைப்பீரு. எனக்கு ஆளு வரலேன்னா மிஷின் நிக்கும்."

மனிதருடைய தேவைகளைப் படிப்படியாக அடுக்கிய ஒரு கோபுரத்தைப் பேராசிரியர் பலகையில் வரைந்தார். அடியில் சோறு, அதற்கு மேல் பாதுகாப்பு, அப்புறம் உறவு, மதிப்பு என்று ஏறிக்கொண்டே போகும். கீழ்ப்படி நிறைந்தபின்தான் மனிதன் மேல்படியை நினைப்பான் என்றார்.

அண்ணாச்சி, "எங்க மில்லுல பஞ்சு அள்ளுத அம்மா ஒருத்தி இருக்கா, சார். மூணு நேரம் சாப்பிட வழியில்ல. கோயில் கொடைக்கு வரி பிரிச்சா தெருவுல முத ஆளா அவதான் கொண்டாந்து வைப்பா. அவ இதுல எந்தப் படில நிக்கா?" என்று கேட்டார்.

"அது விதிவிலக்கு, அண்ணாச்சி."

"மில்லு பூரா விதிவிலக்காத்தான் இருக்காக, சார்."

அவருடைய சட்டைப்பைக் காகிதங்கள் என்னவென்று பிறகு தெரிந்தது. மில் விதிப்படி, தகவல் இல்லாமல் ஒரு வாரம் வராதவருக்கு நோட்டீஸ் போக வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். அண்ணாச்சி தபாலில் அனுப்புவதில்லை. நோட்டீஸைப் பையில் வைத்துக்கொண்டு தன் பழைய மொபெட்டில் அந்த ஆளின் வீட்டுக்கே போய்விடுவார். பத்தமடை, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று வாய்க்கால் ஓரத்து ஊர்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். தொழிலாளிகளின் டோக்கன் எண் அவருக்கு நினைவில் நிற்காது, பெயரும் தடுமாறும். 'வாசல்ல முருங்க நிக்குத வீடு', 'மடைக்கு மேக்க ரெண்டாவது' என்றுதான் ஆட்களை அடையாளம் சொல்வார். போய்ச் சேர்ந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு உட்காருவாராம். ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டாராம். பெரும்பாலும் நோட்டீஸ் பையிலேயே திரும்பி வந்துவிடும். அலுவலகப் பிரதியில் 'நேரில் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

இதனால் அவருக்கு நல்லது மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஒருதடவை ஒரு பெண் தொழிலாளியின் வீட்டுக்குத் தனியாகப் போயிருக்கிறார். கணவன் வெளியூரில் இருந்தான். தெரு பேசியது. ஊர் திரும்பிய கணவன் மில் வாசலுக்கு வந்து எல்லோர் முன்னாலும் இவர் சட்டையைப் பிடித்தான். அந்தப் பெண் அதன்பின் வேலைக்கே வரவில்லை. அந்த வாரம் வகுப்புக்கு வந்தபோது அவர் சட்டையில் மேல் பட்டன் இரண்டும் வேறு நிறத்தில் இருந்தன.

"இனிமேலாவது தபால்ல அனுப்புங்க, அண்ணாச்சி" என்றேன்.

"போனது தப்பில்ல, தங்கச்சி. தனியாப் போனது தப்பு. ஒரு பிள்ள பொழப்பு போச்சு" என்றார். பேனாவைத் திருப்பித் தரும்போது, "அடுத்த ஞாயித்துக்கிழம கிளாஸ் முடிஞ்சு உங்களுக்கு வேலை இருக்கா?" என்று கேட்டார்.

அப்படித்தான் நான் ஒரே ஒரு தடவை அவர் கூடப் போனேன். அவர் மொபெட்டில், நான் என் ஸ்கூட்டரில். வீரவநல்லூரைத் தாண்டி வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வீடு. ஒன்பது நாளாக வராத பெண்ணுக்குப் பத்தொன்பது, இருபது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அவளுடைய அப்பா பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். அண்ணாச்சி தண்ணீர் கேட்டார். தண்ணீர் வந்தது. அதன்பின் இருவரும் வாய்க்காலில் இந்தத் தடவை தண்ணீர் திறக்கத் தாமதமானதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு வாழைக்கு விழுந்த நோயைப் பற்றி. பிறகு பேச்சு ஓய்ந்து சும்மா இருந்தார்கள். நான் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, கேளுங்க" என்று மெதுவாகச் சொன்னேன்.

"பைய, தங்கச்சி. தண்ணியக் குடிங்க."

"குடிச்சிட்டேன்."

"இன்னும் ஒரு சொம்பு வாங்கிக் குடிங்க."

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். அந்தப் பெண் தானாகவே வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களைப் பார்க்காமல் வாழைகளைப் பார்த்துப் பேசினாள். பக்கத்து மிஷினில் நின்ற தோழியின் துப்பட்டா அதற்குள் இழுபட்டுப்போன அன்று இவள்தான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்திருக்கிறாள். தோழிக்குக் கழுத்தில் காயம், பிழைத்துக்கொண்டாள். அவள்கூட வேலைக்குத் திரும்பிவிட்டாள். "நான்தான் சார் போவ மாட்டேங்குதேன். மில்லு வேன் சத்தம் கேட்டாலே உள்ள போயிருதேன். அடிபட்டவளே வந்துட்டா, ஒனக்கென்னட்டின்னு கேப்பாகல்லா. என்னன்னு சொல்ல?"

அண்ணாச்சி தலையை மட்டும் அசைத்தார். பிறகு, "பேக்கிங்ல ஒரு ஆளு கேக்காக. அங்கன மிஷின் கெடையாது. திங்கக்கிழம வந்து சும்மா பாத்துட்டுப் போ. புடிச்சா இரி" என்றார். அவ்வளவுதான். எழுந்துவிட்டார்.

வாய்க்கால் கரைக்கு வந்ததும் நான், "நோட்டீஸ் குடுக்கலையே" என்றேன்.

"அது அவ வாசல் வரைக்கும் வந்துச்சுல்லா. போதும்" என்று பையைத் தட்டிக்கொண்டார்.

அந்த முக்கால் மணி நேரத்தை வைத்து நான் என் புராஜெக்ட் அறிக்கையை எழுதினேன். 'பணிக்கு வராமையைக் கையாள ஒரு மாதிரி' என்று தலைப்பு. நான்கு கட்டங்கள், நடுவில் அம்புக்குறிகள். தொடர்புகொள்ளல், செவிமடுத்தல், பணிமாற்றம், பின்தொடர்தல். வகுப்பில் அதுதான் முதல் மதிப்பெண் வாங்கியது. முன்னுரையில் 'ஒரு மில் அதிகாரிக்கு' நன்றி சொல்லியிருந்தேன். அவர் கட்டங்கள் இருந்த பக்கத்தை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. நாம தண்ணி குடிச்சது எந்தக் கட்டத்துல வருது, தங்கச்சி?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்த அறிக்கையைக் காட்டித்தான் நான் இப்போதிருக்கும் வேலைக்குத் தேர்வானேன். நேர்முகத்தில் அந்த நான்கு கட்டங்களையும் வரைந்து காட்டினேன். இந்தப் பதினோரு வருடத்தில் வேலைக்கு வராத ஒரு ஆளின் வீட்டுக்கும் நான் போனதில்லை.

அண்ணாச்சி மனிதவளப் பாடத்தில் இரண்டு முறை தோற்றார். கட்டாயக் கேள்வியாக ஒரு சம்பவம் வரும், அதற்குத்தான் அதிக மதிப்பெண். இரண்டு தடவையும் அந்தக் கேள்விக்கு, 'இந்த ஆளைப் பார்க்காமல் இவருக்கு என்ன செய்வது என்று எழுத இயலாது' என்று ஒரே வரி எழுதி வைத்துவிட்டு வந்தார். மூன்றாவது தடவையும் போனால் நாற்காலி போய்விடும். பரீட்சைக்கு முந்தின ஞாயிறு கல்லூரி கேண்டீனில் உட்காரவைத்து நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். எந்தச் சம்பவம் வந்தாலும் எழுதக்கூடிய ஆறு வாக்கியங்கள்.

"பாக்காத ஆளப் பத்திப் பொய்யா எழுதச் சொல்லுதிய."

"பொய் இல்லை அண்ணாச்சி. பொதுவா எழுதுறது."

"பொதுவான ஆள நான் பாத்ததே இல்லியே, தங்கச்சி."

ஆனால் எழுதினார், பாஸானார். நான் முறுக்கு வாங்கிக்கொடுத்தேன். ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், கடிக்கவில்லை. பட்டம் வந்தபின் மில்லில் அவருக்குக் கண்ணாடிக் கதவு போட்ட அறையும் கம்ப்யூட்டரும் கொடுத்தார்கள். இனி நோட்டீஸ் எல்லாம் தபாலில்தான் போக வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

கடைசி செமஸ்டரில் நடந்ததைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. தொடர்ந்து மூன்று வாரம் அவர் வகுப்புக்கு வரவில்லை. இரண்டு வருடத்தில் ஒருநாள்கூடத் தவறாதவர். எங்கள் வகுப்புக்கு ஒரு வாட்ஸப் குழு இருந்தது. 'அண்ணாச்சியைக் காணோமே' என்று ஒருவர் போட்டார். 'வீடு எங்கன இருக்குன்னு கேளுங்க' என்று இன்னொருவர் போட்டார். நிறையச் சிரிப்பு முகங்கள் வந்தன. நானும் ஒன்று போட்டேன்.

நான்காவது வாரம் மொட்டைத் தலையோடு வந்தார். அதே கதவோரத்து பெஞ்ச். பின்னாலிருந்த வங்கிக்காரர் உற்சாகமாக, "என்ன அண்ணாச்சி, திருச்செந்தூர் போய்ட்டு வந்தியளோ? பாஸ் ஆனதுக்கு நேர்ச்சையா?" என்றார். நாங்கள் எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"இல்ல வே. வீட்டுல போயிட்டா" என்றார். "பிள்ளையா குட்டியா? நான்தான கொள்ளி வைக்கணும்."

பேராசிரியர் உள்ளே வந்து, எங்களைப் பார்த்து, என்ன என்று கேட்டார். அண்ணாச்சியே, "ஒண்ணுமில்ல சார், நீங்க நடத்துங்க" என்றார். என் பக்கம் கையை நீட்டினார். நான் பேனாவைக் கொடுத்தேன். அன்று முழுவதும் பாடத்தை எழுதிக்கொண்டார். அவர் குரலில் எங்கள்மேல் ஒரு வருத்தமும் இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அவர் வீடு எந்த ஊரில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அம்பாசமுத்திரம் பக்கம் என்று ஒரு நினைப்பு. நூற்றுக்கணக்கான வாசல்களில் போய் உட்கார்ந்தவர். அவர் வாசலுக்கு எங்கள் இருபத்து இரண்டு பேரில் ஒருவர்கூடப் போகவில்லை. படிப்பு முடிந்த கொஞ்ச நாளில் மில் மறுபடி கை மாறியது, அவருடைய எண்ணும் மாறிவிட்டது. அதன்பின் அவரைப் பார்க்கவில்லை.

அந்த வியாழக்கிழமை காலை நான் செய்தது என்ன? என் கணவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஜங்ஷன் பக்கம் தேடப் போனார். நான் மேசையில் உட்கார்ந்து ஒரு நோட்டில் கோடு போட்டேன். பெயர், நேரம், சொன்ன பதில் என்று மூன்று பத்திகள். வகுப்பு ஆசிரியை, நண்பர்கள், நண்பர்களின் அம்மாக்கள். ஒன்பதரை மணிக்குள் ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. கையெழுத்து சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தத்தைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. ஏனென்றால், இந்த ஆள் எங்கன இருப்பான் என்று இந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை. என் மகன் பகலெல்லாம் எங்கே இருந்தான் என்று முந்தின நாள் சாயங்காலம் நான் கேட்கவே இல்லை. ஏன் வரவில்லை, எத்தனை நாள், யார் அனுமதி என்று மட்டும்தான் கேட்டேன்.

அதன்பின்தான் காலேஜ் பஸ் டிரைவரின் எண்ணைத் தேடிப் பிடித்தேன்.

"யாரு, ஜோயலா? டெய்லி ஏறுவானே மேடம். ஆனா ரெண்டு மாசமா சேரன்மாதேவி வந்தா எறங்கிருதான். கேட்டா, பிரெண்டு வாரான், பின்னால வாரேம்பான். இன்னைக்கும் அங்கனதான் எறங்கினான்."

சேரன்மாதேவி என்றதும் எனக்கு ஆறுதான் கண்ணில் வந்தது. அந்த வாரம் அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். கணவருக்குப் போன் செய்துவிட்டு நான் கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். செருப்பு இரண்டும் வேறு வேறு என்பதை பஸ்ஸில் உட்கார்ந்தபின் பார்த்தேன்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. நடத்துபவள் என் வயதுக்காரி. அடையாளம் சொன்னதும், "கண்ணாடி போட்ட தம்பியா? நீங்க அவன் அம்மையா?" என்றாள். "டெய்லி வந்து அந்தக் கடைசி பெஞ்சுல இருப்பான். சாயங்காலம் பஸ் வந்ததும் ஏறிப் போயிருவான். ஒரு தொந்தரவு கெடையாது. நானும் ஏதோ வேலை தேடுத பிள்ளைன்னு விட்டுட்டேன்."

"இன்னைக்கு?"

"வந்தான். பைய வச்சான். எங்கயோ போனான். கடையில ஆளு நின்னுச்சு, எந்தப் பக்கம்னு பாக்கல."

பெஞ்சுக்கு அடியில் அவனுடைய பை இருந்தது. டிபன் பாக்ஸ் அதற்குள்ளேயே இருந்தது. "பை இங்கன கெடக்குல்லா, வராமப் போவானா? இருங்க" என்றாள். பையை வைத்துவிட்டுப் போகிற பிள்ளைகளைப் பற்றி நான் வேறு விதமான செய்திகளும் படித்திருக்கிறேன். பாலத்துக்கு ஓடினேன். தண்ணீர் கலங்கி, பாலத்துத் தூண்களில் சுழித்துக்கொண்டு போனது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. என் கணவர் வந்து சேர்ந்தார். அவரும் பையைப் பார்த்தார். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். "நீ இங்கன இரி. அவன் வந்தா ஆளு இருக்கணும்" என்றார்.

அந்தக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு மாதமாக என் மகன் உட்கார்ந்த இடம். அங்கிருந்து பார்த்தால் காலையில் காலேஜ் பஸ்கள் திரும்பும் வளைவு தெரிந்தது. அவன் கூடப் படிக்கிற பிள்ளைகள் ஜன்னலோரம் உட்கார்ந்து போவதை அவன் தினமும் பார்த்திருக்க வேண்டும். நோட்டை எடுத்து வரவில்லை. எடுத்து வந்திருந்தாலும் எழுத ஒன்றும் இல்லை. கடைக்காரி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அண்ணாச்சி எப்படி முக்கால் மணி நேரம் அப்படி இருந்தார் என்று எனக்குப் புரியவில்லை. உள்ளுக்குள் ஒவ்வொரு நிமிடமும் கேள்விதான் வந்துகொண்டிருந்தது. வரட்டும், வந்ததும் இதைக் கேட்க வேண்டும், அதைக் கேட்க வேண்டும். பிறகு கேள்விகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துபோயின. வந்தால் போதும் என்பது மட்டும் மிஞ்சியது.

ஒரு மணி இருபதுக்கு ரோட்டின் மேற்கேயிருந்து, வெயிலில், ஒரு ஆள் நடந்து வருவது தெரிந்தது. நடையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அவன் திரும்பிவிடுவானோ என்று பயமாக இருந்தது. கணவருக்கு ஒரு வரி அனுப்பினேன். ஜோயல் கடை வாசல் வரைக்கும் வந்து, என்னைப் பார்த்து நின்றான். சட்டை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. காலில் முட்டு வரைக்கும் ரோட்டுத் தூசி.

"நீ எப்பம்மா வந்த?"

"கொஞ்ச நேரம் ஆச்சு."

அவன் என் செருப்புகளைப் பார்த்தான். பிறகு பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தான். எங்கள் நடுவில் அவன் பை இருந்தது. நான் ரோட்டைப் பார்த்தேன். அவனும் ரோட்டைப் பார்த்தான். அம்பாசமுத்திரம் பஸ் ஒன்று வந்து, ஆள் இறக்கி, போனது. கேட்டுவிடக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். அது மிகையில்லை, சாயங்காலம் சாப்பிடும்போது எரிந்தது.

"காலேஜுக்குத்தான் போனேம்மா" என்றான், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "இங்கனருந்து நடந்தே போனேன். கேட்டு வரைக்கும் போய்ட்டேன். ரெண்டு மாசத்துக்கு முன்னால கிளாஸ்ல ஒரு செமினார்ல எனக்குப் பேச்சு வராம நின்னுட்டேன், எல்லாரும் சிரிச்சாங்க. அதுலருந்து அந்தக் கேட்டுக்குள்ள காலு வைக்க முடியல. இன்னைக்கும் ரெண்டு மணி நேரம் வெளியவே நின்னுட்டு வந்துட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நாளைக்கு நீ என் கூட வாறியா? உள்ள வர வேண்டாம். கேட்டு வரைக்கும் போதும்."